ஊட்டா ஆய்த்தா? பொம்மனஹள்ளியில் வருவதும் போவதும்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் வீடு பிடித்து, சாமான் இறக்கி, கேஸ் சிலிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்கு. இனி தினமும் பல பேரைப் பார்த்துத் தலையசைக்க வேண்டியிருக்கும். கீழ் வீட்டு ஓனரம்மா, கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி, கேன் போடும் பையன், ஆட்டோக்காரர், பேக்கரிக்காரர், கம்பெனி சூப்பர்வைசர் என்று ஆளுக்கு ஒரு மொழி. அத்தனையையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பேச்சின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் கன்னடத்தில் இருக்கட்டும்; நடுவில் எந்த மொழி வந்தாலும் வரட்டும்.

ஓசூர் சாலையில் காலூன்றிய தமிழர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். “நமஸ்காரா அண்ணா” என்று தொடங்குங்கள். இரண்டாவது வாக்கியத்தில் உங்கள் கன்னடம் தட்டுத் தடுமாறும். மூன்றாவதில் எதிரில் இருப்பவரே, “எந்த ஊரு, தர்மபுரியா?” என்று தமிழில் கேட்டுவிடுவார். அதன்பிறகு வாடகை, வட்டி, கிரிக்கெட், எதை வேண்டுமானாலும் தமிழில் பேசிக்கொள்ளலாம். கிளம்பும்போது மறக்காமல் “பர்த்தீனி அண்ணா.” அவ்வளவுதான். அதே ஆளிடம் எடுத்த எடுப்பில் தமிழிலோ இந்தியிலோ தொடங்கிப் பாருங்கள். தமிழ் நன்றாகத் தெரிந்தவரும்கூட “கன்னட மாத்தாடி” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சொல்.

இன்னொரு எச்சரிக்கை. புதிதாக வருபவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கன்னடம் “கன்னட கொத்தில்லா”, அதாவது கன்னடம் தெரியாது என்பது. அதைச் சொல்லிச் சொல்லியே பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் தொடர் காதில் விழுந்தாலே சலிப்பு. அதற்குப் பதில் “ஸ்வல்ப ஸ்வல்ப கொத்து” என்று சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்று. சொல்வது கிட்டத்தட்ட ஒரே விஷயம்; கிடைக்கும் முகம் வேறு.

எழுத்தை நம்பாதீர்கள்

இங்கே கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. “பர்த்தீனி”, “பன்னி”, “பா” ஆகியவற்றில் வரும் ப, “பஸ்” என்னும்போது வரும் ப. “பல்” என்பதில் வருவது அல்ல. “கொத்து” என்பதன் க, காந்தியின் க. “சென்னாகித்தீரா” என்பதில் உள்ள செ, “அச்சம்” என்பதன் ச்ச போல அழுத்தமாக வரவேண்டும். “வாருங்கள்” என்பதற்குக் கன்னடம் “பன்னி.” ஓனரம்மா சிரித்த முகத்தோடு உங்களை “பன்னி, பன்னி, ஒளகே பன்னி” என்று அழைத்தால் உள்ளே போய் உட்காருங்கள். உங்கள் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தால் இதை முன்கூட்டியே அவரிடம் விளக்கிவிடுவது வீட்டுக்கு நல்லது.

பார்த்தவுடன் என்ன சொல்வது

புத்தகக் கன்னடத்தில் காலை வணக்கத்துக்கு “ஶுபோதயா” என்று இருக்கிறது. அது வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வரும். தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். அறிமுகமில்லாதவருக்கும் பெரியவருக்கும் அரசு அலுவலகத்துக்கும் “நமஸ்காரா.” தமிழில் வணக்கம் என்பது அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னால் கொஞ்சம் மேடை வாசம் அடிக்கும். கன்னட நமஸ்காராவுக்கு அந்தக் கூச்சம் குறைவு. ஆட்டோக்காரர், மளிகைக் கடைக்காரர், போலீஸ்காரர் யாரிடமும் செல்லும். போலீஸ்காரரிடம் கூடவே “ஸார்.”

தெரிந்தவர்களிடம் நமஸ்காராவைத் தினமும் சொன்னால் விலகி நிற்பதாகப் படும். அவர்களுக்கு உரியது சாப்பாட்டுக் கேள்வி. அது மணி பார்த்து மாறும். காலை பத்து மணி வரை “திண்டி ஆய்த்தா?” திண்டி என்றால் இட்லி, தோசை, சித்ரான்னம், உப்பிட்டு வகையறா. மதியமும் இரவும் “ஊட்டா ஆய்த்தா?” மாலை நான்கு, ஐந்து மணிக்கு “காபி ஆய்த்தா?” அல்லது “டீ ஆய்த்தா?” பதில் எப்போதும் “ஆய்த்து, நிம்தூ?” ஆச்சு, உங்களுக்கு? சாப்பிடவில்லை என்றால் “இன்னூ இல்லா” என்று சொல்லலாம். சொன்னால் விளைவையும் ஏற்கத் தயாராக இருங்கள்: ஓனரம்மா தட்டு போட்டுவிடுவார். அவசரமாக வேலைக்கு ஓடுகிறவர் பசித்தாலும் “ஆய்த்து” என்றே சொல்லிவிட்டு ஓடுவார். அதைப் பொய் என்று யாரும் எண்ணுவதில்லை. நம் ஊர் “சாப்பிட்டாச்சா?” போலத்தான். சீனர்களும் பழைய தலைமுறையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்றே கேட்பார்கள் என்பதால், இது தென்னிந்தியக் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படவும் வழியில்லை.

இந்தக் கேள்வியை முழு வீச்சில் கேட்கவேண்டுமானால் ஓசூர் சாலையை ஒட்டிய கார்மென்ட்ஸ் ஆலைகளின் மதிய இடைவேளைக்குப் போகவேண்டும். பெண்கள் கூட்டமாக டப்பாவைத் திறந்தபடி “ஊட்டா ஆய்த்தா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். சாப்பாடு கண்ணெதிரில் இருக்கும்போதே அந்தக் கேள்வி. அதில் மண்டியாவிலிருந்து வந்தவர், கிருஷ்ணகிரிக்காரர், அனந்தபூர்க்காரர், ஒடிசாவிலிருந்து வந்த இளம்பெண் எல்லாரும் உண்டு. 2016 ஏப்ரல் 18 அன்று, வைப்பு நிதிப் பணத்தை எடுப்பதில் கொண்டுவந்த கட்டுப்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையை மறித்தவர்கள் இந்தப் பெண்கள்தான். பெரிய சங்கம் எதுவும் அழைக்கவில்லை. செய்தி வாய்வழியாகவே ஆலைக்கு ஆலை பரவியது. மறுநாளே ஒன்றிய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தையல் வரிசையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சூப்பர்வைசருக்கு “குட் மார்னிங் ஸார்”, பக்கத்து மெஷின்காரருக்கு “திண்டி ஆய்த்தா அக்கா?” இரண்டையும் மாற்றிச் சொன்னால் இரண்டு பேரும் உங்களைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

“சென்னாகித்தீரா?” என்பதும் உண்டு. நன்றாக இருக்கிறீர்களா என்று பொருள். தினமும் பார்ப்பவரிடம் இதைக் கேட்பதில்லை. ஊருக்குப் போய் வந்தபின், காய்ச்சலில் படுத்து எழுந்தபின், மாதக்கணக்கில் காணாதவரைக் கண்டபின் கேட்பது. ஹுப்பள்ளி, கலபுரகி பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களிடம் “ஆராம் இத்தீரேன்ரீ?” என்று கேளுங்கள். அந்த “ரீ” காதில் விழுந்தால் வட கர்நாடகத்து மேஸ்திரி முகத்திலும் சிரிப்பு வரும்.

பாவா, பன்னியா

தமிழில் வா, வாங்க என்பதைப் போலக் கன்னடத்தில் பா, பன்னி. நீ என்பது நீனு, நீங்கள் என்பது நீவு. தவறு நேர்வது இதில்தான், ஏனென்றால் தெருவில் பையன்கள் பேசும் கன்னடத்தைக் கேட்டு நாம் கற்றுக்கொள்கிறோம். அவர்கள் “ஏன் குரு”, “ஏன் மகா”, “பாரோ மச்சா” என்று பேசுவார்கள். “குரு” சம வயதுக்காரர்களுக்கு மட்டும். வீட்டு ஓனரை “ஏன் குரு” என்று விசாரித்தால் அடுத்த மாதமே வாடகை ஏறலாம்.

உறவுச் சொற்கள் நமக்கு எளிது. அண்ணா, அக்கா, அம்மா அப்படியே செல்லும். பாட்டிக்கு அஜ்ஜி, தாத்தாவுக்குத் தாத்தா அல்லது அஜ்ஜா. ஆட்டோக்காரரை இந்திக்காரர் போல “பையா” என்று கூப்பிடாதீர்கள். இந்த நகரத்தில் அந்தச் சொல்லைச் சுற்றிப் பல சண்டைகள் நடந்திருக்கின்றன. “அண்ணா, மடிவாளா பர்த்தீரா?” என்று கேளுங்கள். அவர் வரமாட்டார், அது வேறு விஷயம்.

கல்வெட்டைக் கொண்டு சண்டை போடாதீர்கள்

“தமிழ்தான் இங்கே பழைய மொழி” என்று நிறுவ விரும்பும் நண்பர் ஒருவர் எல்லாருக்கும் வாய்த்திருப்பார். பொம்மனஹள்ளிக்குத் தெற்கே பேகூரில் நாகநாதேஸ்வரர் கோயில் இருக்கிறது. பெங்களூரு என்ற பெயரைச் சொல்லும் மிகப் பழைய சான்று அங்குள்ள நடுகல். காலம் ஏறக்குறைய பொது ஆண்டு 890, மொழி கன்னடம். வடக்கே மடிவாளாவில் சோமேஸ்வரர் கோயில். அதன் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு. வேப்பூர்க்காரர் கொடுத்த நிலக்கொடையைச் சொல்கிறது. அந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர். இரண்டு கற்களுக்கும் நடுவே நின்றுதான் நீங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஆட்டோக்காரரிடம் மட்டும் இதை எடுத்துவிடாதீர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூரில் கன்னடத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தெலுங்கும் தமிழும் உருதும் அடுத்த வரிசையில் வந்தன. இந்தக் கணக்கு இங்குள்ளவர்களுக்கும் தெரியும், அதனால்தான் முதல் சொல்லுக்கு இத்தனை மதிப்பு. காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்களில் இது இன்னும் கூர்மையாகும். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் நடந்த காவிரிக் கலவரங்களைப் பார்த்த பழைய தமிழர்கள் சொல்லும் அறிவுரை இது: அப்படிப்பட்ட நாளில் வீட்டில் இருங்கள், தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைத் தெருவில் நிறுத்தாதீர்கள், எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு போன் செய்யுங்கள். எதிர்வீட்டுக்காரரிடம் அதற்கு முன்னால் ஒரு நாளும் “ஊட்டா ஆய்த்தா” கேட்டதில்லை என்றால் அந்த போன் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது

போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னடத்திலும் “ஹோக்தீனி” என்று மொட்டையாகச் சொல்வது குறை. “பர்த்தீனி”, வருகிறேன். கொஞ்சம் நீளமாக “ஹோக்பர்த்தீனி”, போய் வருகிறேன். வழியனுப்புகிறவர் “ஹோக்பன்னி” என்பார், சின்னவர்களுக்கு “ஹோக்பா.” தமிழ் மூளையில் ஏற்கெனவே இருக்கும் தடத்தில் இது ஓடிவிடும்.

மற்ற மொழிக்காரர்களும் இதே வழிதான். ஆந்திரப் பக்கத்து நண்பர் “வெள்ளொஸ்தானு” என்பார். மலையாளிப் பேக்கரிக்காரர் ஊருக்குக் கிளம்பினால் “போயிட்டு வராம்.” மங்கம்மனபாளையாவில் கேட்கும் தக்கனி உருதுவில் “ஜாக்கோ ஆத்தூன்.” உங்கள் வீட்டில் வேலை செய்யும் வங்காளப் பெண் கிளம்பும்போது “ஆஷி” என்பார், அப்படியென்றால் வருகிறேன். ஒடியாக்காரர் “ஆசுச்சி.” அதுவும் வருகிறேன்தான். இலங்கையில் யாழ்ப்பாணத்தார் “போட்டு வாறன்” என்கிறார்கள் என்றால் சிங்களவர் “கிஹில்லா என்னம்” என்கிறார்கள், அதே போய்வருகிறேன். எனவே கட்டடத்தில் யாராவது கிளம்பும்போது ஏதோ சொன்னால், மொழி புரியாவிட்டாலும் திரும்பி வருவதாகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு “ஹோக்பன்னி” என்று விடுங்கள். தவறாக வாய்ப்பே இல்லை. இந்திக்காரர் மட்டும் “சல்தா ஹூன்” என்று நேராகக் கிளம்பிவிடுவார். அவர் கோபித்துக்கொண்டு போகிறார் என்று எண்ணவேண்டாம்.

சந்திப்போம் என்பதற்கு “ஸிகோணா.” நாளைக்கு என்றால் “நாளே ஸிகோணா.” ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள்: “முந்தின வாரா ஸிகோணா” என்றால் அடுத்த வாரம் சந்திப்போம். கன்னடத்தில் முந்தே என்பது முன்னால் இருப்பது, இனி வரப்போவது. 2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்தபின் இந்தப் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. பெட்டிக்குள் “முந்தின நில்தாணா பொம்மனஹள்ளி” என்று அறிவித்தால், தாண்டிவிட்டோமே என்று பதறாதீர்கள். எழுந்து கதவருகே வந்தால் சரியாக இருக்கும்.

“பை” எல்லாருக்கும் புரியும். பெரியவர்களிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் வெட்டினாற்போல இருக்கும். “பர்த்தீனி அஜ்ஜி, பை” என்று சேர்த்துவிடுங்கள். “தன்யவாதகளு” மேடைக்கு உரியது. நன்றிக்கு “தாங்க்ஸ்” போதும்.

பெண்கள் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பினால் வீட்டுக்காரம்மா “இரி, அரிஷின குங்குமா தகொண்டு ஹோகி” என்று நிறுத்துவார். மஞ்சள் குங்குமம் வாங்காமல் படியிறங்குவது மரியாதையில்லை. நேரமாகிறது என்றாலும் நில்லுங்கள், இரண்டு நிமிடம்தான்.

மற்றவர்களுக்கு ஒரு வரி

உங்கள் கன்னடத்துக்குப் பழகிவிட்டவர்களை அவர்கள் மொழியில் ஒருநாள் கேட்டுப்பாருங்கள். தெலுங்கருக்கு “பாகுன்னாரா?” மலையாளிக்கு “எந்தா விசேஷம்?” முஸ்லிம் நண்பர் “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றால் “வ அலைக்கும் ஸலாம்” என்று பதில் சொல்லுங்கள், மதியம் என்றால் “கானா காலியே க்யா?” பிகாரிலிருந்து வந்த வயதான செக்யூரிட்டிக்கு “பிரணாம்.” நேபாளத்துப் பையனுக்கு “கானா கானுபயோ?” அவர்கள் நாட்டிலும் அதுதான் குசலம். துளுக்காரர் ஹோட்டல் கல்லாவில் இருந்தால் “ஒணஸ் ஆண்டா?” என்று கேட்டுவிடுங்கள். பில்லில் ஒன்றும் குறையாது, அடுத்த முறை சாம்பார் தாராளமாக வரும்.

போனில்

போனை எடுத்ததும் “ஹலோ” பொது. அடுத்து “ஹேளி”, நம்முடைய “சொல்லுங்க.” கூரியர்க்காரர், வங்கிக்காரர், கேஸ் ஏஜென்சி எல்லாருக்கும் “ஹேளி ஸார்” என்றால் போதும், மீதியை அவரே உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்வார். பேசுவது யார் என்று தெரியாவிட்டால் “யாரு மாத்தாடோது?” வைக்கும்போது “சரி, ஃபோன் இட்லா?” வைத்துவிடட்டுமா என்று அனுமதி கேட்பது. தெலுங்கர் “உண்டானு மரி” என்பார், இருக்கிறேன் என்று. அதைக் கேட்டு நீங்களும் இருந்துவிடாதீர்கள், அவர் போனை வைக்கப்போகிறார். மலையாளி “ஶரி எந்நா, வெக்கட்டே?” என்பார். அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் பேசுவார்.

பொங்கலன்று ஊரில் இல்லாதவர்களுக்கு

நமக்குப் பொங்கல் வரும் நாளில் இங்கே சங்கராந்தி. அன்று மாலை பட்டுப்பாவாடை கட்டிய சிறுமிகளும் பெண்களும் தட்டேந்தி வீடு வீடாகப் போவார்கள். எள்ளு பீரோது என்று பெயர். தட்டில் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கலந்த எள்ளு பெல்லா, அச்சில் வார்த்த சர்க்கரைப் பொம்மைகள், கரும்புத் துண்டு. கொடுக்கும்போது சொல்வது: எள்ளு வெல்லம் தின்று நல்லதாகப் பேசு. ஆண்டு முழுவதும் மனஸ்தாபத்தில் இருக்கும் இரண்டு வீடுகளும் அன்று தட்டு மாற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். தமிழர்களில் பாதிப்பேர் அந்நாளில் அத்திபெலே தாண்டி ஊருக்குப் போய்விடுகிறார்கள், கதவு பூட்டியிருக்கும். இங்கேயே இருந்தால் சர்க்கரைப் பொங்கலைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, வரும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள். போய்விட்டால் திரும்பி வந்ததும் எதிர்வீட்டில் மணியடித்து “சென்னாகித்தீரா?” கேளுங்கள். உங்கள் பங்கு எள்ளு பெல்லாவை டப்பாவில் எடுத்து வைத்திருப்பார்கள்.

சொல்லாமல் கிளம்ப வேண்டிய இடங்கள்

துக்க வீட்டில் “பர்த்தீனி” சொல்லக்கூடாது, நம் வழக்கம் போலவே. உரியவரின் கையைத் தொட்டுவிட்டோ தலையசைத்துவிட்டோ நகருங்கள். வாசல் வரை வந்து வழியனுப்ப மாட்டார்கள். அதைக் குறையாக எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸிடம் பழக்கதோஷத்தில் “ஸிகோணா” என்று சொல்வதையும் தவிர்க்கலாம்.

வீட்டைக் காலி செய்யும்போது மட்டும் வரிசை மாறும். இங்கே அட்வான்ஸ் பெரிய தொகை. அதில் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பொது வழக்கம். “மனே காலி மாட்தீனி” என்று நோட்டீஸ் கொடுக்கும் நாளிலேயே எவ்வளவு பிடிப்பார்கள், மீதி எந்தத் தேதியில், காசோலையா ரொக்கமா என்பதை எல்லாம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாமான் ஏற்றும் நாளில் சாவியைக் கொடுக்கும் முன் பணம் கணக்கில் ஏறிவிட்டதா பாருங்கள். ஏறியபின் ஓனரம்மாவிடம் போய் நின்று, நிதானமாக, “ஹோக்பர்த்தீனி அம்மா.”